'கொஞ்சம் சகிச்சுக்கோங்க' என்று யாரிடம் சொல்வது?

கேள்வி: சென்னைப் புறநகரில் 2 பிளாக், 64 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ஏழெட்டு மாதம் முன்பு 2-ஆவது மாடிக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வந்தது. அவர்கள் சமைக்கும்போது தங்கள் வீட்டுக்குள் கவிச்சி வாடை வருகிறது என்று, நேர் மேலே 3-ஆவது மாடியில் இருக்கும் வயதான சைவத் தம்பதி புகார் சொன்னார்கள். விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சண்டையானது. மார்கழியில் எங்கள் ஹாலில் காலை 5 மணிக்கு மைக் வைத்து பஜனை நடந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் குழுவில் எழுதினார். "பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கோங்க" என்று ஒருவர் பதில் போட்டுவிட்டார். இப்போது 22 பேர் கையெழுத்துப் போட்டு, பொதுக்குழுவில் மூன்று தீர்மானம் கேட்கிறார்கள். வெள்ளி, பிரதோஷம், பண்டிகை நாள்களில் யாரும் அசைவம் சமைக்கக் கூடாது. இனிமேல் சுத்த சைவக் குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது. எல்லோருமே எனக்கு வேண்டியவர்கள். "கொஞ்சம் சகிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்:

மதிப்புக்குரிய செயலாளர் அம்மாவுக்கு, வணக்கம்.

நீங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். "கொஞ்சம் சகிச்சுக்கோங்க" என்பதில் யார், எதை, எத்தனை நாள் என்ற மூன்றுமே இல்லை. இல்லாதபோது அந்தச் சொல் தானாகவே போய் விழும் இடம் ஒன்று உண்டு. யார் எதிர்த்துப் பேச மாட்டார்களோ அவர்கள் தலையில் விழும். வாடகைக்கு இருப்பவர், நேற்றுக் குடிவந்தவர், வேலைக்கு வருபவர், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண். ஒரு தாளை எடுத்து, போன ஒரு வருடத்தில் உங்கள் குடியிருப்பில் எந்தெந்த விஷயத்தில் எந்த வீடு விட்டுக்கொடுத்தது என்று எழுதிப் பாருங்கள். அதே நாலைந்து வீட்டு எண்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அங்கே நடப்பது சகிப்பு அல்ல. அழுத்தம். அந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம், உங்கள் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையில் நீங்கள் யார் பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை அது சொல்லும்.

உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு சரக்குகள் ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கின்றன. ஒன்று, தொந்தரவு: வாடை வருகிறது, சத்தம் வருகிறது. இதை அளக்கலாம், சரிசெய்யலாம். இன்னொன்று, பிடிக்காமை: பக்கத்து வீட்டில் கறி சமைக்கிறார்கள் என்ற நினைப்பே பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்க அவரவருக்கு உரிமை உண்டு. அதைச் சங்க விதியாக்கத்தான் உரிமை இல்லை. மூன்றாவது, அவமதிப்பு: "வேற இடம் பாத்துக்கோங்க", "லிஃப்டில் ஏறாதே". இதில் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள எதுவும் கிடையாது, நிறுத்த மட்டும்தான் வேண்டும். சங்கங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தொந்தரவுக்குப் போதனை செய்கிறார்கள், அவமதிப்புக்குச் சமரசம் பேசுகிறார்கள்.

எது எந்த வகை என்று பிரிக்க ஓர் எளிய கேள்வி: கதவில் இருக்கும் பெயர்ப் பலகையை மாற்றினால் அப்போதும் புகார் இருக்குமா? அதே வாடை ஒரு செட்டிநாட்டுக் குடும்பத்தின் வீட்டிலிருந்து வந்தால் அந்தத் தம்பதி எழுதியிருப்பார்களா? ஆம் என்றால் அது நிஜமான தொந்தரவு. பிளம்பரைக் கூப்பிடுங்கள். இல்லை என்றால் பிளம்பரால் பயனில்லை.

வாடை விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நேர் கீழ் வீட்டுச் சமையல் நேர் மேல் வீட்டுக்குள் வருகிறது என்றால், வழி அநேகமாக டக்ட்தான். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் பொதுவாக, கீழிருந்து மொட்டைமாடி வரை போகும் அந்தக் குறுகிய வெளிக்குள்தான் எல்லா வீட்டு சிம்னிக் குழாயும் எக்ஸாஸ்ட் ஃபேனும் காற்றைத் தள்ளும். சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும் என்ற கணக்கில் கட்டியது அது. ஆனால் மழைத் தண்ணீர் இறங்குகிறது, புறா வருகிறது என்று மொட்டைமாடியில் அதன் வாயை ஃபைபர் ஷீட் போட்டு அடைத்துவிடுவார்கள். வலை போட்டிருந்தால் அதில் சருகும் புறா இறகும் அடைந்திருக்கும். மேலே போக வழியில்லாத காற்று, 3-ஆவது மாடி, 4-ஆவது மாடி வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக உள்ளே திரும்பும். அதுவும் அந்த மேல் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அவர்கள் சிம்னியைப் போட்டால், வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து டக்டில் நிற்கும் காற்றை இழுத்துக்கொள்ளும். வாடைக்குக் கதவைத் திறந்து விடுவது அவர்களேதான், அவர்களுக்குத் தெரியாமல்.

இதை உறுதிசெய்ய ஓர் ஊதுவத்தி போதும். கீழ் வீட்டில் சிம்னியை முழு வேகத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். மேல் வீட்டு பாத்ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு, வென்டிலேட்டர் அருகில் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை வெளியே போனால் டக்ட் சரி. புகை வளைந்து உங்கள் முகத்தை நோக்கி வந்தால் காற்று திரும்புகிறது. அடுத்து மேல் வீட்டு ஜன்னல்களைச் சாத்தி, அவர்கள் சிம்னியையும் போட்டு இன்னொரு தரம் பாருங்கள். இந்தச் சோதனையை இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து நின்று பார்ப்பது முக்கியம். ஒருவர் பார்த்து மற்றவருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒன்றாக நின்று புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தவர்களுக்குள் அதன்பிறகு பேச்சு வேறு மாதிரி போகும்.

சரிசெய்வது கடினமல்ல. டக்டின் வாயை அடைத்த ஷீட்டைச் சுற்றிலும் ஓர் அடி இடைவெளி இருக்குமாறு உயர்த்திப் போட்டு, பக்கவாட்டில் வலை கட்டச் சொல்லுங்கள். மழையும் புறாவும் வராது, காற்று போகும். மேல் மாடி பாத்ரூம்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் போட வேண்டும். சிம்னிக் குழாய் டக்டுக்குள் நேராகக் குத்தி நின்றால் எதிர்ச்சுவரில் மோதிப் பரவும். முனையில் ஒரு வளைவு போட்டு மேல்நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். குழாயைக் குறுக்கிவிடாமல் 6 அங்குலமே இருக்கட்டும். குழாயே இல்லாமல் வடிகட்டி மட்டும் உள்ள சிம்னி என்றால், கரி வடிகட்டியை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அது வெறும் விளக்குதான். டக்ட் பொதுச் சொத்து என்பதால் இந்தச் செலவு சங்கத்துடையது. வாடகைக்கு இருப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. "கவிச்சி வாடை" என்று சொல்லப்படுவது எல்லாமே சமையல் வாடை அல்ல. பயன்படுத்தாத பாத்ரூமின் தரை வடிகாலில், தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் நானி ட்ராப்பில் தண்ணீர் வற்றிவிட்டால், சாக்கடை வாயு நேராக வீட்டுக்குள் வரும். அந்த நாற்றம் அழுகிய முட்டையைப் போலத்தான் இருக்கும். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட, ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கும் வயதானவர்கள் வீட்டில் இது சகஜம். வாரம் ஒரு தரம் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீரும். கீழே யாரும் சமைக்காத பிற்பகல் 3 மணிக்கும் வாடை வருகிறதா என்று அந்த அம்மாவைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வந்தால் காரணம் அடுப்பில் இல்லை.

கீழ் வீட்டாருக்கும் வேலை உண்டு. அடுப்பு பற்றவைப்பதற்கு 5 நிமிடம் முன்பே சிம்னியைப் போட வேண்டும். இறக்கி வைத்தபிறகும் 15 நிமிடம் ஓட வேண்டும். சமையலறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலை ஓர் அங்குலம் திறந்துவைக்க வேண்டும். மீன் கழிவை வெளி வாளியில் இரவெல்லாம் வைக்கக் கூடாது. செய்தித்தாளில் சுற்றிக் கட்டி ஃப்ரீசரில் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில் எடுத்துப் போடலாம். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். கருவாடு வறுக்கும் வீடு எந்த மதமாக இருந்தாலும் நாலு வீட்டுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன சமையல்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்று சில சங்கங்கள் சமரசம் என்ற பெயரில் கேட்கின்றன. தன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை ஒரு குடும்பம் மாடிக்கு அறிவித்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த முகத்தோடு லிஃப்டில் நிற்பார்கள்? அதேபோல அந்த 3-ஆவது மாடித் தம்பதியை "பத்தாம்பசலி" என்று யாராவது பேசினாலும் தடுங்கள். பிறந்ததிலிருந்து அந்த வாடை அறியாதவர்களுக்குக் குமட்டல் வருவது உடம்பின் காரியம். அதை வெறுப்பு என்று முத்திரை குத்தினால் அது உண்மையிலேயே வெறுப்பாக மாறும்.

அடுத்து சத்தம். இதில் சட்டம் துல்லியமாக இருக்கிறது, அதனால் உங்களுக்கு வேலை எளிது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக மட்டும் விலக்கு உண்டு. கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து மைக் போட்டால் அந்த விலக்கைக் கோர முடியாது. பண்டிகைக்காக அரசு ஆண்டுக்கு மொத்தம் 15 நாள் வரை தளர்வு தரலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அது இரவு 10 முதல் 12 வரைக்கானது, விடிகாலை 5 மணிக்கு உதவாது. ஆகவே அந்தப் பெண் கேட்டது சலுகை அல்ல, ஏற்கெனவே சட்டத்தில் இருப்பது.

"எங்க சாமி பாட்டுக்கு மட்டும் சட்டமா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, நம் சென்னையிலேயே நடந்த வழக்கு இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபை டிரம், கிட்டார், ஒலிபெருக்கி வைத்து ஜெபம் நடத்தியது. மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் சத்தத்துக்காக வழக்குப் போட்டது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஜெபம் செய்யத் தடையில்லை, ஆனால் மற்றவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, பறையடித்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. அங்கே குறைக்கச் சொன்னது ஒரு கிறிஸ்தவ சபையை. உங்கள் இடத்தில் அது மார்கழி பஜனை. அளவுகோல் ஒன்றேதான். கிறிஸ்துமஸ் கேரல் குழு இரவு 11 மணிக்கு வேனில் வந்தாலும், ரமலானில் விடியுமுன் சாப்பிடும் சஹர் உணவுக்கு எழுப்ப ஒலிபெருக்கி வைத்தாலும், பிறந்தநாளுக்கு டிஜே போட்டாலும் அதேதான். எல்லாப் பண்டிகையையும் ஒரே தாளில் எழுதி, ஒரே நேரக் கட்டுப்பாட்டைப் போடுங்கள். ஒரு மதத்தின் பெயர் மட்டும் இருக்கும் சுற்றறிக்கையை ஒருநாளும் ஒட்டாதீர்கள்.

பஜனையை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் கூடாது. மார்கழி பஜனை என்பதே மைக் வருவதற்கு முன்பு ஜால்ராவும் மிருதங்கமும் வாயும் மட்டும் கொண்டு வீதியில் நடந்து பாடியது. 5 மணிக்கு மைக் இல்லாமல் ஹால் கதவைச் சாத்தி, 6 மணிக்கு மேல் வேண்டுமானால் சிறிய ஒலிபெருக்கி. பெரிய பெட்டி ஒன்றை வாசலைப் பார்த்து வைப்பதற்குப் பதில், சிறியது இரண்டை மைக்குக்கு முன்பக்கமாக, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் காது உயரத்தில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. ஆகையால் குழந்தை இருக்கும் பிளாக்கிலிருந்து தள்ளிய மூலையைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தாழ்ந்த அதிர்வுதான் சுவரைத் தாண்டிப் போய்த் தூக்கத்தைக் கெடுப்பது. மிக்ஸரில் பேஸைக் குறைத்துவிடுங்கள். கைபேசிச் செயலிகள் காட்டும் டெசிபல் உத்தேசமானதுதான் என்றாலும், அந்தப் பெண் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் அருகே மூன்று நாள் ஒரே கைபேசியில் அளந்தால், முன்னைவிடக் குறைந்ததா என்பது தெரியும்.

இனி மூன்று தீர்மானங்கள்.

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதை ஓட்டுக்கே விடக் கூடாது. வேலைக்கு வரும் பெண்மணிகள் 4 மாடி ஏறி இறங்க வேண்டும் என்பது சுத்தத்துக்கான விதி அல்ல. யார் யாரோடு ஒரு பெட்டிக்குள் நிற்கலாம் என்ற பழைய கணக்கு. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. அது அரசை மட்டுமல்ல, தனி மனிதரையும் சங்கத்தையும் கட்டுப்படுத்தும். அந்தப் பெண்களில் பட்டியல் சாதியினர் இருந்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உங்கள் மினிட்ஸ் புத்தகத்தைத் தேடி வரலாம். லிஃப்ட் நாறுகிறது, கீறல் விழுகிறது என்பது நிஜமான குறை என்றால் விதியைப் பொருள் மேல் போடுங்கள்: சொட்டும் குப்பை வாளி, சிமென்ட் மூட்டை, பீரோ ஆகியவை இந்த நேரத்தில் மட்டும், தரையில் விரிப்புப் போட்டு. யார் தூக்கி வந்தாலும் இதுவே, வீட்டுக்காரரே தூக்கி வந்தாலும். விதி செயலைப் பற்றியதாக இருந்தால் நிற்கும். ஆளைப் பற்றியதாக இருந்தால் அதன் அடியில் வேறு ஏதோ இருக்கிறது.

வாடகைத் தீர்மானத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். தமிழ்நாட்டில் சைவம் மட்டும் உண்பவர்கள் சிறுபான்மையினர். "சுத்த சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்ற வாசகம், வெளியே சொல்ல முடியாத மத, சாதி வடிகட்டலைச் சமையல் பாத்திரத்துக்குள் ஒளித்துவைக்கப் பல இடங்களில் பயன்படுகிறது. கையெழுத்துப் போட்ட 22 பேருக்கும் அந்த எண்ணம் இருக்கும் என்று சொல்லவில்லை. தீர்மானம் செய்யப்போகும் வேலை அதுதான். உங்களிடம் யாராவது 2005-இல் உச்ச நீதிமன்றம் பார்சி வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதே என்று வாதாடலாம். அது உண்மை. ஆனால் அந்த அகமதாபாத் சங்கம் பார்சிகளுக்காகவே தொடங்கப்பட்டது. உறுப்பினர் பார்சியாக இருக்க வேண்டும் என்று அதன் பைலாவிலேயே, அதாவது சங்கத்தின் துணை விதிகளிலேயே, இருந்தது. அதை ஒத்துக்கொண்டுதான் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். உங்கள் இடம் அப்படியல்ல. 64 பேர் தனித்தனிப் பத்திரத்தில், நிலத்தில் பிரிபடா பங்கோடு, எந்த நிபந்தனையும் இல்லாமல் காசு கொடுத்து வாங்கியது. பத்திரத்தில் இல்லாத ஒரு கட்டுப்பாட்டை 22 கையெழுத்தோ, 40 கையெழுத்தோ நாளைக்குப் புதிதாக உண்டாக்கிவிட முடியாது. ஒரு உரிமையாளர் வழக்குப் போட்டால் செலவு சங்கத்தின் சேமநிதியான கார்பஸ் ஃபண்டிலிருந்துதான் போகும். இதைப் பொதுக்குழுவுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு பக்கக் கருத்தாக எழுதி வாங்கி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் தடுப்பதாக இருக்காது, தாள் தடுக்கும்.

இந்த நேரத்தில் அந்த வாடகைக் குடும்பத்தின் மேல் மறைமுகமான நெருக்கடி வரும். வீட்டு உரிமையாளருக்குப் போன் போகும். தண்ணீர், பார்க்கிங், லிஃப்ட் என்று ஏதாவது ஒன்றில் கை வைப்பார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அத்தியாவசியச் சேவைகளை நிறுத்திவைக்க வீட்டு உரிமையாளருக்கும் கட்டடத்தை நிர்வகிப்பவருக்கும் தடை போட்டிருக்கிறது. வாட்ச்மேனிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள், அவர் வாய்மொழி உத்தரவைக் கேட்டு வால்வை மூடிவிடக் கூடாது.

முதல் தீர்மானம், அதாவது குறிப்பிட்ட நாள்களில் அசைவம் கூடாது என்பது, நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களும் தடுமாறும் இடம். ஒருவரின் விரதம் அவருடையது. பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து விரதம் இருந்தால்தான் பலன் என்று யாரும் நினைப்பதில்லை. 1985-இல் கேரளத்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர்கள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கைப்படி வாய்திறந்து பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் மரபு சகிப்பைக் கற்றுத்தருகிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்ற பொருளில் அவர் எழுதிய வரி இன்றும் எடுத்தாளப்படுகிறது. எழுந்து நிற்பது மரியாதை, அதைக் கேட்கலாம். கூடவே பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் குடியிருப்பிலும் எல்லை அங்கேதான். பிரதோஷத்தன்று ஹாலில் பூஜை நடக்கும்போது அந்த ஹாலுக்குள் யாரும் பிரியாணிப் பொட்டலத்தோடு வரக் கூடாது என்பது நியாயம். தன் வீட்டுக்குள் சமைக்கக் கூடாது என்பது நியாயம் இல்லை. இதே காரணத்தால் ஆயுத பூஜை, பிள்ளையார் சதுர்த்திச் சந்தாவை மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குவதாக இருந்தால் பிரித்துவிடுங்கள். விருப்பம் உள்ளவர்கள் தனி ரசீதில் தரட்டும். தராதவர் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள்.

பொது ஹாலைப் பற்றி விதி போட உங்களுக்கு முழு அதிகாரம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். எல்லோரும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள் என்பதால் பெருநாள் விருந்துக்கும் ஹால் கிடைக்க வேண்டும். சைவப் பாத்திரம், அசைவப் பாத்திரம் தனித்தனி அலமாரியில், கைப்பிடியில் வேறு வேறு நிற பெயின்ட் அடித்து வையுங்கள். எந்த நிகழ்ச்சிக்கும் ஒரே முன்பணம், தரை கழுவித் தந்தால் திரும்பக் கிடைக்கும். யார் நிகழ்ச்சி என்று பார்த்து முன்பணம் மாறக் கூடாது.

பேச்சுவார்த்தையை எப்படி நடத்துவது? முதலில் ஒவ்வொரு வீட்டாரையும் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள், அவர்கள் வீட்டிலேயே. பிறகு இரண்டு தரப்பையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாத ஒரு சந்திப்பு. ஒரு பக்கம் இரண்டு பேர், மறு பக்கமும் இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். சமைப்பவர் கட்டாயம் இருக்க வேண்டும். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்து சமையல் வாடையைப் பற்றிப் பேசித் தீர்த்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு பெண்கள் சிம்னி வடிகட்டி கழுவுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி பனி உருகிவிடும். ஊர்ப் பெரியவர், மத குரு, அரசியல்வாதி யாரையும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்ட நிமிடம் அது டக்ட் பிரச்சினையாக இல்லாமல் மதப் பிரச்சினையாகிவிடும்.

அங்கே ஒரே ஒரு பேச்சுக் கட்டுப்பாடு வையுங்கள். "உங்க ஆளுங்க எப்பவும் இப்படித்தான்" என்ற வாக்கியம் கூடாது. "போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணிக்கு எங்க பாத்ரூம்ல வாடை வந்துச்சு, அரை மணி நேரம் இருந்துச்சு" என்று சொல்லலாம். கிழமை, நேரம், இடம் வந்துவிட்டால் பேச்சில் சாதியும் மதமும் தங்க இடமிருக்காது. முதலிலேயே மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். அதிலேயே கூட்டம் உடையும். கடைசியில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "இரு தரப்பும் சகிப்புத்தன்மையுடன் நடந்துகொள்வோம்" என்று எழுதினால் பத்து நாளில் கிழியும். "டக்ட் மேல்மூடியைச் சங்கம் 15 நாளில் உயர்த்தும். 3-ஆவது மாடி பாத்ரூமில் ஷட்டர் போடப்படும். 2-ஆவது மாடியில் சமைத்து முடித்த 15 நிமிடம் வரை சிம்னி ஓடும். 45-ஆவது நாள் மறுபடி ஊதுவத்திச் சோதனை" என்று எழுதினால் நிற்கும்.

வாட்ஸ்அப் குழுவைச் செயலாளரும் தலைவரும் மட்டும் பதிவிடும் அறிவிப்புப் பலகையாக மாற்றிவிடுங்கள். புகார் உங்களுக்குத் தனியாக வரட்டும்; 48 மணி நேரத்தில் பதில் தருவதாகச் சொல்லி, தாருங்கள். பதில் வராத புகார்தான் குழுவில் போய்க் கத்துகிறது. மதத்தையோ சாதியையோ இழித்து வரும் ஃபார்வர்டை அழிப்பதோடு விடாமல், போட்டவரிடம் தனியாகப் பேசுங்கள்; பிரிவினரிடையே பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 196-ஆவது பிரிவில் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு பேச்சு முறிந்தால் காவல் நிலையத்துக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். வழக்குத் தொடுக்காமலேயே அங்கே பேசித் தீர்க்க வழி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள். ஆனால் யாராவது மிரட்டினாலோ, கை ஓங்கினாலோ, சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ சமரசம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அப்போது போலீஸ்தான்.

ஷீட்டை உயர்த்துவதும் சட்டக் கருத்து வாங்குவதும் அடுத்த வாரம் நடக்கட்டும். நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது வேறு. "வேற இடம் பாத்துக்கோங்க" என்று குழுவில் எழுதியபோது 63 வீடும் படித்துவிட்டுச் சும்மா இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த மௌனம்தான் பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கும். எழுதியவரிடம் தனியாகப் பேசி அதை அவரே நீக்கும்படி கேளுங்கள். செயலாளர் என்ற முறையில் "இது சங்கத்தின் கருத்து அல்ல, இது அவர்கள் வீடு" என்று ஒரே வரி குழுவில் போடுங்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போங்கள். போவதற்கு முன் குழந்தை தூங்கும் நேரம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், காலிங் பெல்லை அழுத்த வேண்டாம்.